12,000 ரூபாய்ப் பணக்காரர்கள்

நேற்றைய வார்டு கூட்டத்துக் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், மறுபடி விவரிக்கப் போவதில்லை. "மாதம் 12,000 வாங்குகிறாய், டிவி இருக்கிறது, கேஸ் இருக்கிறது, நீ எப்படியம்மா ஏழை?" என்று அங்கே ஒரு பெண்ணிடம் ஒருவர் கேட்டாரே, அதற்குக் கூட்டத்தில் எழுந்த சிரிப்புதான் எனக்கு ஆறவில்லை.

சம்பளத்தை மட்டும் வைத்து ஏழ்மையை அளக்காதீர்கள். இது என் கண்டுபிடிப்பு அல்ல. நகரத்தில் நாளுக்கு 32 ரூபாய் செலவழித்தால் ஏழை இல்லை என்று 2011-இல் மத்திய திட்டக்குழு உச்ச நீதிமன்றத்தில் சொல்லி, நாடே சிரித்தது. அடுத்த ஆண்டே, நகர்ப்புற ஏழைகளை அடையாளம் காண அதே திட்டக்குழு அமைத்திருந்த ஹாஷிம் குழு, குடியிருப்பு, தொழில், சமூக நிலை மூன்றையும் பாருங்கள் என்றது. பார்த்தோமா?

குன்னூரில் எங்கள் வீடு படிக்கட்டுக்கு மேலே. சிலிண்டர் வண்டி ரோட்டோடு நின்றுவிடும். மேலே சுமந்து வரத் தனிக்கூலி. கோடையில் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்பது ஊருக்குத் தண்ணீர் தரும் ரேலியா அணைக்கே வெளிச்சம். அப்பாவுக்கு மூச்சுத்திணறல் வந்த இரவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, ஆளுக்கொரு காலாகப் பிடித்து இறக்கினார்கள் பக்கத்து வீட்டுப் பையன்கள். பாசி பிடித்த படி; முன்னால் பிடித்தவன் பின்பக்கமாகவே நடந்தான். அப்பாவின் சம்பளச் சீட்டின்படி நாங்கள் அப்போதும் ஏழைகள் இல்லை!

"அப்படியென்றால் எல்லோரும் ஏழையா?" என்பீர்கள். எங்காவது கோடு போட்டாக வேண்டும், சரி. அதைச் சம்பளச் சீட்டில் மட்டும் ஏன் போடுகிறீர்கள்? திட்டக்குழுவுக்குப் பதிலாக வந்த நிதி ஆயோக்கின் பல பரிமாண வறுமைக் குறியீட்டில் 12 அம்சங்கள் உண்டே என்பார் படித்த நண்பர். உண்டு ஐயா. மின்சாரம், சமையல் எரிபொருள், வங்கிக் கணக்கு எல்லாம் உண்டு. அதிலெல்லாம் அந்தப் பெண் தேறிவிடுவார். பட்டா இல்லாததற்கும், வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மண்மேட்டுக்கும் அதில் கட்டம் இல்லை. 2009 நவம்பர் மழையில் எங்கள் நீலகிரி மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். மண் சம்பளச் சான்றிதழ் கேட்டா சரிந்தது?

"கஷ்டமென்றால் வேறு வீடு பார்க்கட்டும்" என்பவருக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. ரோட்டோர வீடுகள் ஹோம்ஸ்டே ஆகிவிட்டதை அவரே அறிவார். அதில் ஒன்று அவருடையது.

சிரித்தவர்களில் சிலர் எங்கள் படிக்கட்டில் ஏறி இறங்கி வளர்ந்தவர்கள். சொந்தக்காரர்களும் உண்டு, அதனால் பெயர் எழுதவில்லை. "விளையாட்டுக்குத்தானே சிரித்தோம்" என்று இதன் கீழே யாராவது எழுதினால், எழுதுவேன்.