வளவுத் தூண்கள் வந்த ஆற்று வழி
செட்டிநாட்டு வாணிகம் முழுக்கக் கடல்வழிதான், ஆற்றுத் துறைமுகங்களுக்கு அதில் பங்கில்லை என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவின் (உள்முற்றத்தின்) தூண்கள் ஐயா ரங்கூனிலிருந்து வரவழைத்த பர்மா தேக்கு. அந்த ரங்கூனே கடலிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஆற்றுத் துறைமுகம்தான். மரம் அங்கே வந்து சேர்ந்த விதம் இன்னும் பெரிய கதை. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் அடிமரத்தில் பட்டையையும் அதன் உள்ளேயுள்ள வெளிர்மரத்தையும் வளையமாகச் செதுக்கி, நின்றபடியே இரண்டு மூன்று வருடம் காயவிட்டு, அப்புறம் வெட்டி, யானைகளை வைத்து ஓடைக்கு இழுத்து, மழை வெள்ளத்தில் விடுவார்கள். பிறகு தெப்பமாகக் கட்டி பர்மாவின் ஐராவதி ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுவருவார்கள். நெல்லும் ஐராவதி டெல்டாவிலிருந்து பெரும்பாலும் படகில்தான் ரங்கூன் ஆலைகளுக்கு வந்தது. அந்தச் சாகுபடிக்குப் பெருமளவு கடன் கொடுத்தவர்கள் நம் நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள்.