ஆயா கேட்ட முள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுப் படிக்கட்டிலேயே எனக்கு இரண்டு தீர்ப்பு வந்துவிட்டது. மேல் வீட்டு அக்கா வாசனை பிடித்து, "இன்னிக்கு நெத்திலியா?" என்று கேட்டார். வாழைப்பூ என்றேன். "பரவாயில்லையே, சுத்தமா மாறிட்டீங்க போல" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். பின்னாலேயே மூச்சு வாங்க ஏறி வந்த என் ஆயா தட்டை எட்டிப் பார்த்தார். "காசிமேட்டுக்கு நடந்து போற தூரத்துல இருந்துகினு, இன்னாமே இது, பூவை வறுத்து நெத்திலின்ற?" இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது. அக்கா மேல் கொஞ்சம் கூடுதலாக.

என் மகளுக்கு ஏழு வயதில், இறால் தொக்கு சாப்பிட்ட கால் மணி நேரத்தில் உதடு வீங்கி மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆட்டோவில் அவளை மடியில் போட்டுக்கொண்டு போன அந்த இரவைப் பற்றி எழுதப் போவதில்லை. டாக்டர் சொன்னது இதுதான்: இறாலிலும் நண்டிலும் ட்ரோபோமயோசின் என்ற புரதம் இருக்கிறது, கணவாய் என்கிறார்களே, அந்தக் கடம்பாவிலும் அதன் உறவுக்காரப் புரதம் உண்டு, கொதிக்க வைத்தாலும் அது சாகாது. சிலருக்குச் சமைக்கும்போது எழும் ஆவியே போதுமாம். மீனில் வம்பு செய்வது வேறு புரதம், அதனால் இவள் மீன் சாப்பிடலாம். ஆனால் மார்க்கெட்டில் மீன் வெட்டும் கட்டையைப் பார்த்திருப்பீர்கள். இறால் உரித்த அதே கை, அதே கட்டை, அதே வாளித் தண்ணீர். எனவே முழு மீனாக வாங்கி வந்து வீட்டில் நானே ஆய்ந்தால்தான் உண்டு. வேலைக்குப் போகிற எனக்கு மாதத்தில் இரண்டு ஞாயிறு அது முடிகிறது. மற்ற நாளெல்லாம் வாழைப்பூவும் வாழைக்காயும்தான்.

ஆகவே அக்கா, நான் சுத்தமாகவும் மாறவில்லை, அசுத்தமாகவும் இருந்ததில்லை. கல்யாணமான புதிதில் வீடு தேடி அலைந்தபோது "நான்வெஜ் சமைப்பீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தவர்கள் எத்தனை பேர். இந்த வறுவலை அவர்கள் கணக்கில் எழுத எனக்கு விருப்பமில்லை. மீன் மேல் ஆசை இருக்கிறவள், அந்த ஆசைக்காகவே செய்கிற சமையல் இது. இன்னொன்றும் சொல்வேன், சண்டைக்கு வந்தாலும் பரவாயில்லை: மீன் தின்று வளர்ந்தவர்களுக்குத்தான் மீனில்லாத மீன் குழம்பு ஒழுங்காக வைக்க வரும். என்ன இல்லை என்று நாக்குக்குத் தெரிந்தால்தானே அதை இட்டு நிரப்ப முடியும்?

ஓட்டல்களில் 'சைவ மீன்' சாப்பிட்டிருக்கிறேன். காராமணியை ஊறவைத்து அரைத்து, வாழையிலையில் சுருட்டி ஆவியில் வேகவைத்து, துண்டு போட்டு வறுப்பார்கள். பழைய, நல்ல கைவேலை. ஆனால் பாதி இடங்களில் மீன் உருவத்தில் வெட்டி, கண்ணுக்கு மிளகு பதித்துக் கொண்டுவந்து வைக்கிறார்கள். வாயில் போட்டால் மசால் வடை. கண்ணுக்குத்தான் மீன், நாக்குக்கு ஒன்றுமில்லை. உறைய வைத்த பாக்கெட்டில் வரும் சைவ இறாலும் வாங்கிப் பார்த்தேன். ரப்பர் பேண்டைத் தேங்காய் எண்ணெயில் வதக்கின மாதிரி இருந்தது. அந்தக் காசுக்கு நல்ல சங்கரா வாங்கியிருப்பேன்.

குழம்புக்கு வருவோம். மீன் குழம்புக்குப் புளியை ஏன் அவ்வளவு கெட்டியாகக் கரைக்கிறோம் என்று நான் முன்பு யோசித்ததே இல்லை. உப்புத் தண்ணீரைத் தாங்குவதற்காகக் கடல் மீன் உடம்பில் ஒரு சரக்கு இருக்கிறது. மீன் செத்ததும் பாக்டீரியாக்கள் அதை ட்ரைமெத்திலமைன் ஆக்கிவிடுகின்றன. கவிச்சி என்கிறோமே, அதில் பெரும்பங்கு இதுதான். புளியின் அமிலம் அதைப் பிடித்துக் குழம்பிலேயே உட்கார வைத்துவிடும், மூக்குக்கு ஏறவிடாது. வாழைக்காயில் அடக்குவதற்குக் கவிச்சியே இல்லை. அதே எலுமிச்சம்பழ அளவு புளியைக் கரைத்தால் பல் கூசுகிறது. முதல் மூன்று முறையும் எனக்கு அதுதான் நடந்தது, மிளகாய்த்தூளைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது புளியில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு, கடைசியில் இரண்டு கீற்று மாங்காய் போடுகிறேன். நல்லெண்ணெயும் வெந்தயமும் பழைய அளவுதான்.

அப்புறம், மீன் குழம்புக்குள் இறக்குகிற ருசி. மீனில் இருக்கும் இனோசினேட்டும் தக்காளியில் இருக்கும் குளூட்டமேட்டும் சேர்ந்தால் ருசி ஒன்றுக்கு இரண்டாகத் தெரியும். அந்த வேலையைக் காய்ந்த காளானும் செய்யும். சிப்பிக் காளானை மொட்டை மாடியில் இரண்டு நாள் காயவைத்து, மிக்ஸியில் பொடித்து, அரை ஸ்பூன் போடுங்கள். கூடப் போட்டால் குழம்பு கறுத்து மண்வாசம் அடிக்கும். துண்டுக்கு வாழைக்காயைவிடச் சேனைதான் என் கட்சி. மீன் குழம்பின் பெருமையே மறுநாள் காலை இட்லிக்கு. வாழைக்காய் அதற்குள் குழைந்துவிடும், சேனை நிமிர்ந்து நிற்கும்.

இந்த ருசி விஷயத்தைத் தேடிப் படிக்கும்போதுதான், 1908-இல் ஜப்பானில் கிகுனே இகேடா என்ற வேதியியல் பேராசிரியர் கடற்பாசிச் சாற்றிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அந்த ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்த கதை தெரிந்தது. ஆஹா என்று கிளம்பிப் போய் மளிகைக் கடையில் கடல்பாசி வாங்கினேன். நோன்பு மாதத்தில் கடையில் நிறைய விற்குமே, வெள்ளை நூல் நூலாக, அதுதான். ஒரு கைப்பிடி அள்ளிக் குழம்பில் போட்டுக் கொதிக்கவிட்டேன். கடல் வாசனை வரவே இல்லை. மதியம் ஆறின சட்டியைத் திறந்தால், குத்தி வைத்த கரண்டி சாயாமல் நிற்கிறது. "அம்மா, மீன் அல்வா!" என்றாள் மகள். இகேடா எடுத்தது வேறு பாசி, நான் போட்டது இனிப்பைக் கட்டியாக்கும் பாசி. இப்போது நோரி என்ற கடற்பாசித் தாளை ஆன்லைனில் வாங்குகிறேன். விலை கூடுதல்தான், ஆனால் ஒரு தாளைத் தணலில் காட்டி நொறுக்கி மசாலாவோடு பிசைந்தால் இரண்டு வறுவலுக்கு வரும்.

நெத்திலிக்கு வாழைப்பூதான். வேறு எதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வெளி மடலில் இருக்கும் முற்றிய பூ வேண்டாம், உள்ளே விரல் நீளத்தில் இருப்பதை எடுங்கள். கள்ளனை உருவிவிட்டு, மோர்த் தண்ணீரில் பத்து நிமிடம் மட்டும் போடுங்கள். துவர்ப்பு முழுவதும் போய்விடக் கூடாது. நெத்திலியைத் தலையோடு கடித்தால் ஒரு சின்னக் கசப்பு வருமே, அந்த இடத்தில் நிற்பது இந்தத் துவர்ப்புதான். மசாலா பூசி, மேலே லேசாக அரிசிமாவு தூவி வறுத்தால் மொறுமொறுவென்று வரும்.

நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிற ஐட்டம் கடம்பா மிளகு வறுவல். எங்கள் முனையில் இருக்கும் இளநீர்க்காரரிடம் எல்லோரும் "நல்ல வழுக்கையா குடுங்க" என்பார்கள். நான் கேட்பது வழுக்கைக்கும் தேங்காய்க்கும் நடுவில் இருப்பது. "அதை யாரும் வாங்க மாட்டாங்கம்மா" என்று சிரித்துக்கொண்டே தட்டிப் பார்த்து எடுத்துத் தருவார். இரண்டாகப் பிளந்து, பருப்பைக் கிழியாமல் தகடு போல் உரிக்க வேண்டும். உள்பக்கம் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, விரல் அகலத்துக்கு நறுக்கி, உப்பும் எலுமிச்சைச் சாறும் மஞ்சளும் கலந்த தண்ணீரில் இருபது நிமிடம் ஊறட்டும். இல்லாவிட்டால் இனிப்பு காட்டிக்கொடுத்துவிடும். துணியில் ஒற்றி, புகையும் இரும்புச் சட்டியில் பூண்டு, மிளகு, கறிவேப்பிலையோடு இரண்டே நிமிடம். சூடு பட்டதும் கோடு போட்ட பக்கம் அப்படியே சுருண்டுகொள்ளும். கடித்தால் அதே வழுவழு, அதே இழுவை. மூன்றாவது நிமிடம் எண்ணெய் விட்டுத் தேங்காய் ஆகிவிடும், அடுப்பை விட்டு நகராதீர்கள்.

கருவாடு மட்டும் என் கைக்கு அடங்கவில்லை. ஆடிக்கூழுக்குத் தொட்டுக்கொள்ள உப்புக் கத்தரி வத்தலில் முயன்றேன். வத்தல் குழம்பு வந்தது. நல்ல வத்தல் குழம்புதான், ஆனால் கூழ்ப் பானைக்குப் பக்கத்தில் வைக்க மனம் வரவில்லை. சுறாப்புட்டுக்குப் பெரிய பாடு வேண்டாம். வாழைக்காய்ப் பொடிமாஸில் இஞ்சி பூண்டைக் கூட்டினால் பாதி தூரம் வந்தாயிற்று.

சத்துக் கணக்கிலும் ஏமாறக் கூடாது. 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கும், வாழைக்காயில் ஒரு கிராம் சொச்சம். பி12 சுத்தமாக இல்லை. அதனால் அந்த நாட்களில் காராமணிச் சுண்டலோ முட்டையோ கூட வைத்துவிடுவேன். முட்டையா என்று மேல் வீட்டு அக்கா கேட்கலாம். ஆமாம், முட்டைதான்.

வடசென்னைக்கு இதெல்லாம் புதுசா என்றால், அதுவும் இல்லை. பர்மாவின் மொஹிங்கா மீன் போட்டுக் காய்ச்சும் சூப், அதில் வாழைத்தண்டும் உண்டு. 1960-களில் அங்கிருந்து வந்தவர்களோடு அத்தோ என்ற பர்மா நூடுல்ஸும் சூப்பும் பீச் ஸ்டேஷன் பக்கம் வந்து சேர்ந்தன. நான் வழக்கமாக நிற்கும் கடையில் அத்தோவுக்குத் தரும் சூப்பில் மீன் கிடையாது, வாழைத்தண்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது. யாரும் அதைச் சைவ மொஹிங்கா என்று விளம்பரம் செய்வதும் இல்லை.

ஆயாவிடம் இந்த வாதமெல்லாம் எடுபடாது. கூடை தூக்கி மீன் விற்றவர். ஆனால் புயல் சின்னம் வந்து படகு போகாத நாட்களில் அதே மசாலாவில் கத்தரிக்காயும் மாங்காயும் போட்டு எங்களுக்குக் குழம்பு வைத்தவரும் அவர்தான். அதைச் சொன்னேன். "அதை நான் மீனுன்னு சொன்னேனா? கொழம்புன்னுதான சொன்னேன்" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. பேர் எனக்கு வேண்டியிருக்கிறது ஆயா, ஸ்கூலில் எல்லோரும் நெத்திலி, கடம்பா என்று பேசும்போது இவளும் நேற்று எங்கள் வீட்டிலும் அதுதான் என்று சொல்ல வேண்டும் என்றேன். ஆயா ஒன்றும் சொல்லாமல் சேனைக் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். பாதியில் நிறுத்தி, "ருசியெல்லாம் சரிமே. கைக்கு வேலையே இல்லையே, முள்ளு எங்க?" என்றார்.

அது எனக்குத் தோன்றவே இல்லை. மீன் சாப்பிடுவதில் பாதி, முள்ளை விரலால் தடவி எடுத்துத் தட்டு ஓரத்தில் அடுக்குவதுதானே. இந்த வாரம் சேனையோடு முருங்கைக்காயும் போட்டேன். ஆயா ஒவ்வொன்றாகச் சப்பி, சக்கையைத் தட்டு ஓரத்தில் வரிசையாக வைத்தார். மகளும் பார்த்துப் பார்த்து அதே மாதிரி வைத்தாள். பூனை வந்து மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.