மதிப்பெண் தாளுக்காக ஆடும் பிள்ளைகள்

சியர்லீடிங் என்றதும் நம்மில் பலருக்கு ஐபிஎல் மைதானத்து ஓரம்தான் நினைவுக்கு வரும். நான் எழுதுவது அமெரிக்காவில் பிள்ளைகள் ஜிம்மில் சேர்ந்து வருஷம் முழுக்கப் பயிற்சி எடுத்துப் போட்டியிடும் ஆல்-ஸ்டார் சியர் பற்றி. 54 அடிக்கு 42 அடி தளம், இரண்டரை நிமிஷம். அதற்குள் ஆளை ஆள் தூக்கி நிறுத்த வேண்டும், கரணம் அடிக்க வேண்டும், பிரமிடு கட்ட வேண்டும், நடனமும் ஆட வேண்டும். என் மகள் இதில் பேஸ், அதாவது மேலே நிற்கும் ஃப்ளையரின் பாதத்தைக் கையில் தாங்குபவள்.

பாதுகாப்பு விதிகளில் ஓர் எழுத்தைக்கூடத் தளர்த்தக் கூடாது என்பதே என் கட்சி. 2006 மார்ச்சில் செயின்ட் லூயிஸில் நடந்த கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டத்தில் கிறிஸ்டி யமவோகா என்ற மாணவி பிரமிடின் உச்சியிலிருந்து சுமார் 15 அடி கீழே விழுந்தார். முதுகெலும்பில் முறிவு. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போதும் இசைக்கேற்பக் கையை அசைத்துக்கொண்டே போனார். நாடே அந்தத் துணிச்சலைக் கொண்டாடியது. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது. அந்தக் காலகட்டத்தில்தான், நாலு பேர் சேர்ந்து ஒருவரை மேலே வீசும் பேஸ்கெட் டாஸை மெத்தை இல்லாத கடினத் தரையில் செய்யத் தடை வந்தது. அதன்பின் அதனால் நேரும் படுகாயங்கள் வெகுவாகக் குறைந்தன.

லெவல் முறையும் அப்படித்தான். லெவல் 1 பிள்ளைக்குக் கையூன்றிப் பக்கவாட்டில் சுழலும் கார்ட்வீல், கையூன்றி மெல்லக் காலைச் சுழற்றும் வாக்ஓவர் போன்றவை போதும். பின்பக்கமாகக் கையூன்றித் தாவும் பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங் லெவல் 2-இல், கையூன்றாமல் பின்கரணம் அடிக்கும் பேக் டக் லெவல் 3-இல், அந்தரத்தில் இரண்டு முறை முறுக்கி இறங்கும் டபுள் ஃபுல் லெவல் 6-இல். அவசரப்படும் பெற்றோரையும் பயிற்சியாளரையும் கட்டிப்போடுவது இந்த ஏணிதான்.

என் ஆதங்கம் நடுவர்கள் புள்ளி போடும் மதிப்பெண் தாளைப் பற்றியது. எந்த வித்தை எந்த லெவலுக்கு உரியது என்று பட்டியல். குழுவில் எத்தனை பேர் அதைச் செய்தால் எவ்வளவு என்று இன்னோர் அட்டவணை. ஆகவே நடனம் அமைப்பவர்கள் முதலில் தாளை விரிக்கிறார்கள், பிறகுதான் இசையைக் கேட்கிறார்கள். ப்ளூபிரிண்ட் பார்த்துப் படிக்கும் பிளஸ் டூ மாணவனைப் போல ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டே போகிறார்கள். ஒரு நாள் முழுக்க அரங்கில் உட்கார்ந்து பாருங்கள். நின்ற இடத்தில் கரணம் (ஸ்டாண்டிங் டம்ப்ளிங்), ஜம்ப், ஆளைத் தூக்கி நிறுத்தும் ஸ்டன்ட், ஓடிவந்து கரணம் (ரன்னிங் டம்ப்ளிங்), பிரமிடு, நடனம். உடையும் பாட்டும் மாறும். சட்டகம் பெரும்பாலும் மாறாது. ஒரு ஸ்டன்டிலிருந்து அடுத்ததற்கு யாரும் நினைக்காத வழியில் போய்ச் சேர்ந்தாலும் அதற்குக் கிடைப்பது சொற்பம். புதிதாக எதையாவது யோசித்தால் அது விதிக்கு உட்பட்டதா என்று வீடியோ அனுப்பிக் கேட்கலாம், வழி இருக்கிறது. ஆனால் பதில் வந்து, பழகி, அதற்குரிய மதிப்பும் கிடைக்காது என்றால் யார் மெனக்கெடுவார்கள்?

பட்டியலே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் பெரிய ஜிம்களின் பெயரும் பகட்டும் நடுவர் கண்ணை மறைக்கும். சின்ன ஊரிலிருந்து வரும் குழு ஏன் தோற்றோம் என்று தாளைப் பார்த்துத் தெரிந்துகொள்வது பெரிய நியாயம். அந்த நியாயம் வித்தையின் கடினத்துக்கும் சுத்தத்துக்கும் இருக்கட்டும். கற்பனைக்குத் தனியாக, கனமான ஒரு பங்கு வேண்டும். அதை நடுவரின் கண்ணுக்கே விட வேண்டும். ரசனை ஆளுக்கு ஆள் மாறும்தான். பல நடுவர்களை உட்கார வைப்பதே அதற்காகத்தானே?

ஜிம்னாஸ்டிக்ஸில் புது வித்தையை முன்கூட்டியே சமர்ப்பிக்கலாம். மதிப்பு ஒதுக்குவார்கள். உலகப் போட்டியில் செய்து காட்டினால் அதற்கு உங்கள் பெயரே வரும். அங்கும் எல்லாம் சரியில்லை. 2019-இல் அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸ் பீம் என்ற ஒடுக்கமான சமநிலைக் கட்டையிலிருந்து இரண்டு கரணம், இரண்டு முறுக்கோடு இறங்கிய டபுள்-டபுளுக்கு, ஆபத்தைக் காரணம் காட்டி, எதிர்பார்த்ததைவிடக் குறைந்த மதிப்பே கொடுத்தார்கள். அது தவறு என்றே நினைக்கிறேன். உயிருக்கு ஆபத்து என்றால் தடை செய்யுங்கள். அனுமதித்த பிறகு மதிப்பை வெட்டுவது, திறமைக்கு விதிக்கும் அபராதம். இருந்தாலும் பெயர் வைக்கும் அந்த மரபு எனக்குப் பிடித்திருக்கிறது. சியரில் எனக்குத் தெரிந்து அப்படி நிலைத்த பெரிய பெயர் 'ஹெர்க்கி' ஜம்ப் ஒன்றுதான். 1948-இல் தேசிய சியர்லீடர்ஸ் அசோசியேஷனைத் தொடங்கிய லாரன்ஸ் ஹெர்க்கிமரின் பெயர் அது. அதற்குப் பிறகு எத்தனை பிள்ளைகள் எத்தனை புது ஏற்றங்களையும் இறக்கங்களையும் கண்டுபிடித்திருப்பார்கள்! அடுத்த சீசனில் எல்லா ஜிம்மும் அதைச் செய்யும், முதலில் செய்தவள் பெயர் யாருக்கும் தெரியாது.

இங்கே பிள்ளைகளை ஜிம்முக்கு அனுப்பும் நம்மவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். அடுத்த சீசன் கூட்டத்தில் எந்த லெவல், எவ்வளவு கட்டணம் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். இரண்டரை நிமிஷத்தில் நம் பிள்ளைகளுக்கே உரியதாக எட்டு கவுண்டாவது, அதாவது எட்டுத் தாளத் தட்டாவது இருக்குமா என்று கேளுங்கள். மதிப்பெண் வராத எட்டு கவுண்டாக இருந்தாலும் நான் சம்மதம் என்று சொல்லப்போகிறேன்.