பத்தாயிரம் ரூபாயும் ஒரு கையெழுத்தும்

கிராமத்துத் தொடக்கப் பள்ளிகள் பின்தங்க நிதி இல்லாததுதான் காரணம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். பாதி சரி. 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு, சமக்ர சிக்ஷா என்ற ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வருட மானியம் 10,000 ரூபாய். சாக்பீஸ், கரண்ட் பில், குழாய் ரிப்பேர் எல்லாம் அதற்குள்தான்.

மீதிப் பாதி நிர்வாகம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். நானும் எங்கள் ஊரில் உறுப்பினராக இருந்தேன். நூறு நாள் வேலைக்குத் தூக்குவாளியோடு போகிற தாய்மாரை வாசலில் நிறுத்தித் தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்குவார்கள். கூட்டம் முடிந்தது! என்ன தீர்மானம் என்று கேட்டால், “அப்புறம் எழுதிக்கலாம்மா” என்பார்கள். இதுபோக, ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள். ஒருவர் ‘எமிஸ்’ என்ற கல்வித் துறைச் செயலியில் பள்ளி விவரம் ஏற்றிக்கொண்டிருந்தால் ஐந்தும் மற்றவர் தலையில்.