தலைக்கு மேலே பக்கத்து வீட்டு அறை: இடிக்கச் சொல்ல முடியுமா?

"இங்கிலாந்தில் ஃப்ரீஹோல்ட் (நிலத்தோடு முழு உரிமை) வீடு வாங்கினால் மண்ணிலிருந்து வானம் வரை நமக்கே. பக்கத்து வீட்டு அறை நம் நடைவழிக்கு மேலே நீண்டிருந்தால் இடிக்கச் சொல்லலாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

1925 சொத்துச் சட்டத்தின் 205-ஆம் பிரிவைப் பாருங்கள். கிடைமட்டமாகப் பிரித்த கட்டடப் பகுதியும் அங்கே 'நிலம்'தான். மேலே உள்ள அறை சட்டப்படி அவருடையது, கீழே உள்ள வழி உங்களுடையது. ஃபிளையிங் ஃப்ரீஹோல்ட் என்பார்கள்.

உண்மையான தலைவலி, ஒழுகினால் யார் சரிசெய்வது என்பதுதான். ரோன் எதிர் ஸ்டீபன்ஸ் வழக்கில் ஒரு வீட்டின் கூரை, ஒட்டியிருந்த சிறு வீட்டின் படுக்கையறைக்கு மேலே இருந்தது. ஒழுகாமல் பார்த்துக்கொள்வதாக 1960-லேயே பத்திரத்தில் எழுதியிருந்தார்கள். இருந்தும், வீடு கைமாறிய பிறகு அந்த வாக்குறுதி புதிய உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது என்று 1994-இல் அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. பழுதுபார்க்க அடுத்தவர் இடத்தில் கால் வைக்க வேண்டுமென்றால், 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்ற அனுமதி கேட்கலாம், அவ்வளவுதான்.

வாங்குவதற்கு முன் நிலப் பதிவகத்தில் உரிமைப் பதிவேட்டை எடுத்து வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வரைபடத்தை மட்டும் நம்ப வேண்டாம், மேல்மாடி அதில் தெரியாமலே போகலாம். அப்புறம், அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.