13 வேண்டாம், ஐந்து போதும்

ஆகஸ்ட் பிறந்து சிங்கப்பூரில் பல்கலைக்கழகம் திறந்ததும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் அதே புலம்பல் தொடங்கிவிடும்: "தரவு அறிவியல் படிக்கப் போன பையனுக்கு எதுக்குங்க தத்துவமும் சமூகவியலும்?" இந்த முறை கேட்டது என் சொந்த அக்கா. மகன் தேசிய சேவை என்கிற கட்டாய ராணுவப் பணியில் இரண்டு வருஷத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான், கட்டணம் அத்தானின் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதியிலிருந்து போகிறது, வேலைக்கு உதவாத பாடத்துக்கு ஏன் அழவேண்டும் என்பது அவர் கணக்கு. குழுவில் வரிசையாகக் கட்டைவிரல் விழுந்தது. அங்கே பதில் எழுதினால் குடும்பச் சண்டையாகிவிடும், அதனால் இங்கே எழுதுகிறேன். (அக்கா முகநூலில் இல்லை. அந்தத் தைரியம்தான்.)

அக்கா சொல்கிற தகவலில் தப்பில்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டத்துக்கு 160 அலகுகள் (பாடச்சுமையை அளக்கிற கணக்கு). 2021-இல் முதல் மாணவர்களைச் சேர்த்த அதன் மானுடவியல், அறிவியல் கல்லூரியில், துறை எதுவானாலும் எல்லாரும் படிக்கவேண்டிய பொதுப் பாடங்கள் மட்டும் 13, அதாவது 52 அலகுகள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. எழுத்து, தரவு, செயற்கை நுண்ணறிவு, ஆசியா, சமூகம், அறிவியல் ஆய்வுமுறை, டிசைன் திங்கிங் என்று பட்டியல் நீளும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் அதே 2021-இல் எல்லாத் துறை மாணவர்களும் சேர்ந்து படிக்கும் பொதுப் பாடங்கள் வந்தன. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகமான எஸ்எம்யூவும் தன் பங்குக்கு மூன்று தூண்கள் கொண்ட பொதுப் பாடத்திட்டம் வைத்திருக்கிறது.

இந்த ஏற்பாட்டின் மூதாதை அமெரிக்காவில். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919-இல், கொலம்பியா கல்லூரி எல்லா மாணவரும் படித்தாகவேண்டிய ஒரு பாடத்தைக் கொண்டுவந்தது. அது இன்றும் நடக்கிறது. பிரௌன் பல்கலைக்கழகம் 1969-இல் நேர் எதிர்ப்பக்கம் போய், கட்டாயப் பொதுப் பாடமே வேண்டாம், மாணவன் தன் படிப்பைத் தானே அமைத்துக்கொள்ளட்டும் என்றது. இரண்டிலும் ஒரு நேர்மை இருக்கிறது. நாம் இங்கே நடுவில் நிற்கிறோம்: கட்டாயம், ஆனால் அந்தக் கட்டாயத்துக்குள் பல இடங்களில் ஒரு மெனு. எனக்கு இந்த நடுதான் பிடிக்கவில்லை.

கட்டாயம் கூடாது என்கிற கட்சி இல்லை நான். சிவில் இன்ஜினியரிங் படித்தவன். துறைக்கு வெளியே ஒரு பாடம் எடுத்தே ஆகவேண்டும் என்ற விதி இருந்ததால், வேண்டா வெறுப்பாகச் சிங்கப்பூர் வரலாற்று மாட்யூல் ஒன்றில் போய் உட்கார்ந்தேன். சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வெள்ளையாக நிற்கிற செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் பற்றி ஒரு வாரம் நடத்தினார்கள். 1861-இல் முதல் வழிபாடு நடந்த அந்தக் கட்டடத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். 1825 முதல் கைதிகள் இங்கே வந்துகொண்டிருந்தார்கள். சாலை போட்டார்கள், சதுப்பு நிலத்தை மேடாக்கினார்கள், 1869-இல் முடிந்த, இன்று அதிபர் மாளிகையாக இருக்கிற இஸ்தானாவிலும் அவர்கள் கை பட்டிருக்கிறது. எட்டு வருஷம் பஸ்ஸில் அந்த வழியே பள்ளிக்குப் போனவனுக்கு இது தெரியாது.

என்னைப் பிடித்து உட்காரவைத்தது சுவர்ப்பூச்சு. மதராஸ் சுண்ணாம்பு என்று பெயர். மணல் கிடையாது. சிப்பிச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் சேர்த்து அடித்துப் பசையாக்கி, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்து, பூசிக் காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். கான்கிரீட்டும் சிமெண்ட் விகிதமும் மனப்பாடமாகச் சொல்கிற எனக்கு, நம் ஊர்க் கொத்தனாரின் கைமுறையை ஒரு வரலாற்று ஆசிரியர் சொல்லித்தர வேண்டியிருந்தது. டுட்டோரியலில் கணக்கியல் படிக்கிற சீனப் பையன் ஒருவன், கூலி கொடுத்துக் கட்டியிருந்தால் அரசாங்கத்துக்கு என்ன செலவாகியிருக்கும் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தான். சட்டம் படிக்கிற பெண், தண்டனை முடிந்தவர்கள் விடுதலையாகி இங்கேயே தங்க என்ன வழி இருந்தது என்று தோண்டினாள். நான் பூச்சு ஏன் இந்த மழையிலும் வெயிலிலும் நிற்கிறது என்று பேசினேன். ஒரே சுவர், மூன்று கேள்வி. அந்த வகுப்பை என் விருப்பத்துக்கு விட்டிருந்தால் நான் எடுத்திருக்கவே மாட்டேன் என்பதால்தான் கட்டாயத்தை ஆதரிக்கிறேன். பதினெட்டு, இருபது வயதில் தனக்கு எது பிடிக்கும் என்பது முழுதாகத் தெரியாது; பிடிக்காது என்று நினைப்பதைப் பற்றி இன்னும் குறைவாகத் தெரியும்.

சரி, அப்புறம் என்ன பிரச்சினை? கிரேடு.

பொதுப் பாடத்தின் மதிப்பெண்ணும் ஜிபிஏயில், அதாவது பட்டத்தின் மொத்தச் சராசரியில், ஏறும். ஏறுகிறதென்றால் பிள்ளைகள் எப்படித் தேர்வு செய்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை. மாணவர்களே நடத்துகிற நஸ்மாட்ஸ் தளத்தில் சீனியர்கள் எழுதிவைத்த விமர்சனங்களைப் படிப்பார்கள். எதில் இறுதித் தேர்வு இல்லை, எதில் குழு வேலை குறைவு, எந்த விரிவுரையாளர் தாராளம்? பெல் கர்வ் பயமும் இருக்கிறது. நான் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பக்கத்தில் இருப்பவர் அதைவிட நன்றாக எழுதினால் என் கிரேடு ஒரு படி இறங்கும் என்கிற பயம். அதனால் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ லெவல் தேர்வில் வரலாறு எடுத்தவர் வரலாறு பக்கமே போகிறார், கோடிங் தெரிந்தவர் கோடிங் பக்கமே போகிறார். தெரியாததைப் படிக்கவைக்க வந்த விதி, தெரிந்ததையே இன்னொரு முறை படிக்கவைக்கிறது. முதலாண்டில் சில பாடங்களின் கிரேடை ஜிபிஏயில் சேர்க்காமல் விடும் சலுகை உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் பிள்ளைகள் பலர் அதை மேஜர் பாடத்தில் சறுக்கினால் கைகொடுக்கும் என்றுதான் பத்திரப்படுத்துகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தொடக்கப்பள்ளியிலிருந்து இந்தக் கணக்கைத்தானே சொல்லிக்கொடுத்து வளர்த்தோம்.

ஆகவே என் கட்சி இது. 13 வேண்டாம், ஐந்து போதும். அந்த ஐந்துக்கும் கிரேடு வேண்டாம். தேறினார், தேறவில்லை, அவ்வளவுதான். மெனுவும் வேண்டாம். எல்லாரும் ஒரே ஐந்தைப் படிக்கட்டும், பதினைந்து இருபது பேர் உட்காருகிற வகுப்பில். முந்நூறு பேர் விரிவுரை அரங்கில், பாதிப் பேர் வீட்டில் காணொளியாக ஓடவிட்டு, கட்டுரையை சாட்ஜிபிடியிடம் கொடுத்துவிடுகிற ஏற்பாட்டுக்குப் பொதுக் கல்வி என்று பெயர் வைத்து அக்காவிடம் காசு வாங்கினால், அக்கா கேட்பது நியாயம்தான்.

இது நடக்காத கனவு என்பீர்கள். நடந்தது, இதே ஊரில். அமெரிக்காவின் யேலும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து அமைத்த யேல்-என்யுஎஸ் கல்லூரி 2013-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. பௌதிகம் படிக்கப் போகிறவரும் பொருளியல் படிக்கப் போகிறவரும் தொடக்க ஆண்டுகளில் ஒரே பொதுப் பாடத்திட்டத்தைச் சிறு வகுப்புகளில் படித்தார்கள். வால்மீகியும் ஹோமரும் ஒரே பாடத்தில் வந்தார்கள். சாப்பாட்டு மேசையில் சண்டை போட எல்லாருக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. 2021 ஆகஸ்டில் மூடும் முடிவு வந்தது, 2025-இல் கடைசி அணி வெளியேறியது. எதிர்பார்த்த அளவு நன்கொடை திரளாததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. சிறு வகுப்புக்கு ஆசிரியர் வேண்டும், ஆசிரியருக்குச் சம்பளம் வேண்டும். அதை மறுக்கவில்லை. 13 பாடங்களை ஐந்தாக்கினால் மிச்சமாகிற ஆசிரியர் நேரத்தை அங்கே திருப்பிவிடலாம் என்பதுதான் என் கணக்கு.

"ஜேசியிலேயே (தொடக்கக் கல்லூரி) ஜிபி (பொதுத்தாள்) படித்தாச்சு, 2006-லிருந்து தன் துறைக்கு மாறான எதிர்த்துறைப் பாடம் ஒன்றும் கட்டாயம், போதாதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். ஜேசி பிள்ளைகளுக்கு ஓரளவு சரி. பலதுறைத் தொழிற்கல்லூரி வழியாக வருகிறவர்கள்? நம் தமிழ்ப் பிள்ளைகளில் நிறையப் பேர் அந்த வழிதான். பதினேழு வயதிலேயே மின்னணுவியல், தாதிமை என்று ஒரு தடத்தில் ஏறிவிட்டவர்களுக்குப் பல்கலைக்கழகம்தான் முதல் திறந்த ஜன்னல்.

இதில் நம்மவர்களுக்கு ஒரு தனி வேலையும் இருக்கிறது. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வுத் துறை வந்தபோது, அதில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று தமிழ் முரசு நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டினார். காசு கொடுத்த தொழிலாளர்களில் எத்தனை பேர் பல்கலைக்கழக வாசலை மிதித்திருப்பார்கள்? இன்று நம் அமைப்புகளிடம் அன்றைவிடப் பணம் இருக்கிறது, ஒரு பகுதி உபகாரச் சம்பளமாக, அதாவது கல்வி உதவித்தொகையாக, போகிறது. அதில் ஒரு பங்கை, கைதிகள் காலத்திலிருந்து இன்றைய கட்டுமானத் தொழிலாளர்வரை இந்தத் தீவைக் கட்டியவர்களைப் பற்றிய ஒரு சிறு வகுப்புக்கு, எல்லா இன மாணவர்களும் உட்காருகிற ஒன்றுக்கு, ஒதுக்கினால் என்ன? ஒரு பல்கலைக்கழகத்தில், ஒரு செமஸ்டர், சோதனையாக.

அதுவரை, உபகாரச் சம்பளக் குழுவில் இருக்கிற யாராவது இதைப் படித்தால் செலவில்லாத ஒரு வேண்டுகோள். விண்ணப்பப் படிவத்தில் ஜிபிஏ கேட்கிற கட்டத்துக்குக் கீழே இன்னொரு கட்டம் போடுங்கள்: உங்கள் துறைக்கு வெளியே நீங்கள் எடுத்ததிலேயே கடினமான பாடம் எது, அதில் என்ன கிரேடு? அதில் பி மைனஸ் எழுதியிருக்கிற பிள்ளையை நேர்காணலுக்குக் கூப்பிடுங்கள்.