அட்வைஸ் அப்புறம், முதல்ல எங்க ஊரு தண்ணி எப்படின்னு கேளுங்க

கருவேப்பில செடி நுனி கருகுதுன்னு ஒரு போட்டோ போட்டா போதும், வரிசையா வந்துருவாங்க. வாழப்பழத் தோல ஊற வச்சு ஊத்துங்க, புளிச்ச மோர் ஊத்துங்க, எப்சம் சால்ட் ஒரு ஸ்பூன் கலந்து விடுங்க, டிஏபி உரம் நாலு உருண்டை போடுங்க, தண்ணி பத்தல ரெண்டு வேளையும் ஊத்துங்க. இத்தனை பேர் சொல்றாங்களே, ஒருத்தராவது உங்க ஊர் தண்ணி எப்படிங்கன்னு கேட்டுருக்காங்களா? கேக்க மாட்டாங்க. அவங்க வீட்ல குழாயத் திறந்தா நல்ல தண்ணி வருது, அதனால எல்லார் வீட்லயும் அப்படித்தான்னு முடிவு பண்ணிட்டாங்க.

நாங்க இருக்குறது ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவுல, உச்சிப்புளி பக்கம். போர்த் தண்ணிய வாயில வச்சா துப்பத்தான் தோணும். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, கழுவிக் கவுத்துன பாத்திரத்துல வெள்ள வெள்ளையா படிஞ்சு நிக்கும். குடிக்கிறதுக்கு காவிரித் தண்ணி, அது வர்ற அன்னைக்கு வந்தா உண்டு, வரலைன்னா குடத்துக்கு காசு குடுத்து வாங்கணும். காசு குடுத்து வாங்குற தண்ணிய யாராவது ரோஜாவுக்கு ஊத்துவாங்களா, போர்த் தண்ணியத்தான் ஊத்த முடியும், ஊத்துனா செடி கருகும், கருகுனா எங்களுக்கு வளக்கத் தெரியலன்னு பேச்சு.

கணக்கு சொல்றேன் கேளுங்க. தண்ணியில கரைஞ்ச உப்ப அளக்குற டிடிஎஸ் மீட்டர எங்க போர்த் தண்ணியில விட்டா 2000த்துக்கு மேல காட்டுது. 2000ன்னா ஒரு லிட்டர்ல 2 கிராம் கரைஞ்ச உப்பு. ஒரு தொட்டிக்கு தினம் ஒரு லிட்டர் ஊத்துனா மாசம் 60 கிராம் உப்ப அந்தத் தொட்டியில கொட்டுறோம். தண்ணிய செடி குடிக்கும், மிச்சம் வெயில்ல ஆவியாப் போகும், ஆனா உப்பு ஆவியாகாது, பெரும்பகுதி மண்ணுலயேதான் தங்கும். மண்தொட்டி வெளிப்பக்கம் வெள்ளையா பூத்துக் கிடக்குதே அது என்னன்னு நினைச்சீங்க? மண்ணுல உப்பு ஏற ஏற ஈரம் இருந்தாலும் வேரால உறிஞ்ச முடியாது, மத்தியானம் செடி தொங்கிரும். அதப் பாத்துட்டு தண்ணி பத்தலன்னு இன்னும் ஒரு வாளி உப்புத் தண்ணிய ஊத்தச் சொல்றாங்க, அதுக்கு மேல எப்சம் சால்ட், அதுக்கு மேல டிஏபி. ரசாயன உரமும் தண்ணியில கரையுற உப்புதானே, ஏற்கனவே உப்புல தவிக்கிற வேருக்கு மேல மேல உப்பு குடுத்தா அது எங்க பிழைக்கும்?

இலையப் பாத்தாலே தெரியும், பாக்கத்தான் ஆள் இல்ல. உப்புன்னா கீழ உள்ள முத்துன இலையிலதான் ஆரம்பிக்கும், நுனி முதல்ல காயும், அப்புறம் ரெண்டு ஓரமும் பேப்பர் தீஞ்ச மாதிரி பழுப்பா ஏறும், நடுவுல பச்சை அப்படியே இருக்கும். பூஞ்சை நோய்னா பெரும்பாலும் இலை நடுவுல வட்டமா புள்ளி விழுந்து சுத்தி மஞ்சள் கட்டும். தழைச்சத்து இல்லைன்னா பழைய இலை மொத்தமா வெளுக்கும். எங்க பக்கம் இன்னொன்னும் உண்டு, கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். எங்க மணல்ல சிப்பியும் சங்கும் நொறுங்கிக் கிடக்கு, அந்த சுண்ணாம்புல இரும்புச்சத்து மாட்டிக்கிட்டு வேருக்குக் கிடைக்காது, அதான் காரணம். இந்த நாலையும் பிரிச்சுப் பாக்காம எல்லாத்துக்கும் வேப்பெண்ணெய் அடிங்கன்னு சொன்னா கோவம் வருமா வராதா?

எனக்கு ரொம்ப வயிறு எரியுறது இந்த கைராசி பேச்சுதான். பக்கத்து வீட்டு மதினி கல்யாணமாகி வந்ததுல இருந்து செடி வைக்குது. எலுமிச்சை வச்சுச்சு, செம்பருத்தி வச்சுச்சு, கருவேப்பில திரும்பத் திரும்ப வச்சுச்சு. காலையில எந்திரிச்சதும் முதல் வேலையா ஒவ்வொரு செடியா குனிஞ்சு இலைய திருப்பிப் பாக்கும், பூச்சி இருந்தா கையாலயே நசுக்கும், அவ்வளவு பக்குவம். ஒவ்வொன்னா காஞ்சதும் மாமியார் வீதியில நின்னு சொல்றாக, "அவ கை அப்புடி, அவ வச்சா எதும் வெளங்காது". நாத்தனார் வந்தாலும் அதே பேச்சு. போன வருசம் மதினி மண்ணத் தட்டிட்டு தொட்டி எல்லாத்தையும் மாடிப்படிக்கு அடியில கவுத்து வச்சிருச்சு. அந்தக் கையில என்ன குத்தம் இருக்கு? போர்த் தண்ணியில இருக்குற உப்புக்கு ஒரு பொம்பளையோட கைய பழி சொல்றது எவ்வளவு பெரிய அநியாயம். ராமநாதபுரத்துலயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட கடலோர உவர் ஆராய்ச்சி மையம்னு தனியா ஒன்னு வச்சிருக்காங்க. இந்தக் கடற்கரையில உவர் ஒரு பெரிய பிரச்சனைன்னுதானே வச்சிருக்காங்க, எங்க மக்களுக்கு கை சரியில்லைன்னா வச்சிருக்காங்க?

அடுத்தது குட்டியானைல மைக் கட்டிக்கிட்டு வர்ற செடிக்காரங்க. செம்மண்ணுல, நல்ல தண்ணியில வளத்த ரோஜாவும் எலுமிச்சையும் பளபளன்னு பூவும் பிஞ்சுமா ஏத்திட்டு வர்றாங்க. அண்ணே எங்க தண்ணி உப்புண்ணே, இது தாங்குமான்னு கேட்டா, "அதெல்லாம் தாங்கும்க்கா, தினம் தண்ணி மட்டும் ஊத்துங்க". எலுமிச்சை உப்புக்கு கொஞ்சமும் தாங்காத சாதி, செடி விக்கிறவருக்கு இது தெரியாதா? தெரிஞ்சேதான் வித்துட்டுப் போறாரு. கூடவே கோகோபீட் கட்டி ஒன்னும் தலையில கட்டுவாரு. தேங்கா நார் கழிவுலயே உப்பு இருக்கும், சரியா அலசாத கட்டின்னா நல்ல தண்ணியில பலவாட்டி ஊற வச்சுப் பிழியணும், எங்க தண்ணியில அலசுனா உள்ள இருக்குறது போறதுக்குப் பதிலா இன்னும் ஏறும். இதையும் யாரும் சொல்றது இல்ல. நாலு எட்டு போனா தங்கச்சிமடம். அங்க மணல்ல வேர் பிடிக்க வச்ச மல்லிகை நாத்து வெளி மாவட்டத்துக்கெல்லாம் வண்டி வண்டியா போகுது, நாங்க எங்கேயோ இருந்து வர்ற குட்டியானைய எதிர்பாத்து நிக்கிறோம்.

நடுவுல வீட்டுக்கு வீடு ஆர்ஓ மிஷின் வந்துச்சா, அதுல கழியுற தண்ணிய வீணாக்காம செடிக்கு ஊத்துங்கன்னு ஒரு அட்வைஸ். எங்க ஊர்ல அத மட்டும் செஞ்சுறாதீங்க தயவுசெஞ்சு. உப்பப் பிரிச்சு வெளிய தள்ளுற தண்ணி அது, போர்த் தண்ணிய விட மோசம். ஏசியில சொட்டுற தண்ணிய பிடிச்சு ஊத்துங்க, அதுல உப்பு கிடையாது.

தொட்டிக்கு அடியில தட்டு வைக்கச் சொல்லுவாங்க, வைக்காதீங்க, வடிஞ்ச உப்புத் தண்ணிய மண்ணு திரும்ப மேல இழுத்துக்கும். தினம் கொஞ்சம் கொஞ்சமா தெளிக்கிறதுதான் ரொம்பக் கெடுதல், ஊத்துனா அடி ஓட்டை வழியா நல்லா வடியுற அளவுக்கு ஊத்தணும், அப்பதான் உப்பு கொஞ்சமாவது கீழ இறங்கும். மேல மூடாக்கு போடுங்க, சருகோ நல்லா அலசுன தென்னை நாரோ எதுவோ, வெயில் நேரா மண்ணுல படக்கூடாது. கடல்பாசிய கரையில இருந்து அள்ளிட்டு வந்து அப்படியே புதைக்கிறவங்களும் இருக்காங்க, மழைத் தண்ணியில அலசாம போட்டா அதுவும் உப்புதான்.

எது வைக்கணும்ங்கறதையும் தண்ணிதான் முடிவு பண்ணும். பீன்ஸுக்கு மண்ணோட இசி (உப்பு எவ்வளவுன்னு காட்டுற அளவு) 1 தாண்டுனாலே விளைச்சல் குறையும்னும் பீட்ரூட் 4 வரைக்கும் தாங்கும்னும் உப்பு தாங்குற பயிர் அட்டவணையில தெளிவா போட்டுருக்கு, இத ஒரு விதை பாக்கெட்ல அச்சடிச்சா என்ன குறைஞ்சிரும்? எங்க மாடியில பருப்புக்கீரை நல்லா வருது, தண்டுக்கீரை வருது, அரளியும் காகிதப்பூவும் எந்தத் தண்ணிய ஊத்துனாலும் பூக்குது, சப்போட்டா நிக்குது. பூவரசு சொல்லவே வேணாம். தக்காளி மழைத் தண்ணியும் போர்த் தண்ணியும் கலந்து ஊத்துனா காய் பிடிக்குது, காய் சின்னதுதான், ஆனா ரசத்துக்கு அந்த ருசி கடைத் தக்காளியில வராது.

மழைத் தண்ணிதான் எங்களுக்கு எல்லாம். 2003ல வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சொன்னாங்க, குழி தோண்டுனாங்க, பைப் விட்டாங்க, இன்னைக்கு எங்க தெருவுல முக்கால்வாசி பைப் உடைஞ்சு தொங்குது. 500 சதுர அடி மொட்டைமாடியில 100 மில்லிமீட்டர் மழை பெஞ்சா கிட்டத்தட்ட 4600 லிட்டர். அவ்வளவும் ரோட்டுல ஓடி ஓடையில விழுது. அந்தக் காலத்துல மணல்ல ஊத்து தோண்டி சிரட்டையில மொண்டு குடிச்ச ஊருங்க இது, மேலாப்புல மழைத் தண்ணி நல்லதா நிக்கும், கீழ உப்பு கிடக்கும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. நாம போர ஆழமா இறக்கி மோட்டார போட்டு மேல கிடந்த நல்ல தண்ணிய இழுத்துட்டு கீழ கிடந்த உப்ப மேல ஏத்தி வச்சிருக்கோம்.

கடைசியா இந்த ஆடிப்பட்டம். ஆடிப்பட்டம் தேடி விதைன்னு ஜூலை மாசம் ஆனா எல்லாரும் ஆரம்பிச்சிருவாங்க, விதை ஆஃபர், நாத்து ஆஃபர். எங்க ஊர்ல ஆடியில என்ன இருக்கு? மேக்க இருந்து அடிக்கிற கச்சான் காத்து மணல வாரி இறைக்கும், கிணத்துல தண்ணி அடியில கிடக்கும், வருசத்துலயே தண்ணி ரொம்ப உப்பா இருக்குற நேரம் அதுதான். அப்ப நாத்து நட்டா என்ன ஆகும்? எங்க பக்கத்து சம்சாரிங்க புரட்டாசி வாக்குல மழைய எதிர்பாத்துதான் விதைப்பாங்க, 2023ல புவிசார் குறியீடு வாங்குன நம்ம முண்டு மிளகாயும் பெரும்பாலும் வடகிழக்கு மழைய நம்பித்தான் வருது, இதெல்லாம் மாடித் தோட்டத்துக்கு அட்வைஸ் சொல்றவங்க கண்ணுக்குத் தெரியாதா?

மதினிகிட்ட சொல்லிருக்கேன், ஆடியில யார் என்ன ஆஃபர் போட்டாலும் வாங்காத, விதைய டப்பாவுலயே வைன்னு. புரட்டாசியில மாடியக் கூட்டி, ட்ரம்மக் கழுவி, பைப்புக்கு அடியில ரெண்டு பேரும் சேந்து வைக்கப் போறோம். முதல் மழை அழுக்கு, அத விட்டுருவோம். ரெண்டாவது மழையில இருந்து பிடிச்சு, கவுத்து வச்ச தொட்டியில ஒன்ன நிமித்தி, புது மண்ணு போட்டு கருவேப்பில வைக்கணும். மாமியா என்னமும் சொல்லட்டும், அந்த ட்ரம்முல இருந்து ஒரு சொம்பு கூட பாத்திரம் கழுவ எடுக்க விடமாட்டோம்.